நடக்கும்போது தரை நம் காலை எந்தப் பக்கம் தள்ளுகிறது? நான்காம் படிவத்துக்கு உராய்வு சொல்லிக்கொடுப்பது பற்றி

ஆயர் ஈத்தாம் டீச்சர் | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். பினாங்கில் ஓர் இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவத்துக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஒரு விஷயத்தில் உங்கள் அனுபவம் எனக்கு வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன வாரம் வகுப்பில் ஒரு சின்னச் சோதனை வைத்தேன். ஒரு பையன் வலப்பக்கம் பார்த்து நடக்கிறான். அவன் பின்கால் தரையை உந்தும் அந்த நேரத்தில், தரை அவன் காலுக்குக் கொடுக்கும் உராய்வு விசைக்கு அம்புக்குறி போட வேண்டும். இவ்வளவுதான் கேள்வி. மூன்று பேரைத் தவிர வகுப்பே இடப்பக்கம் போட்டிருந்தது. ஏன் என்று கேட்டால் ஒரே குரலில் மலாயில் பதில் வருகிறது: "கெசேரான் மெலாவான் கெராக்கான், டீச்சர்." தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளைகள் அதையே தமிழில் சொல்கிறார்கள்: உராய்வு விசை இயக்கத்தை எதிர்க்கும். ஆறாம் ஆண்டில் மனப்பாடம் செய்த வரி, இன்னும் அப்படியே நிற்கிறது.

அந்த அம்பு உண்மையானால் நடக்கிற பையனை முன்னே கொண்டுபோக எதுவுமே இல்லை. அவனைத் தொட்டுக்கொண்டிருப்பது தரை ஒன்றுதான். தரையும் பின்னால் இழுத்தால் அவன் எப்படி முன்னே போவான்?

மறுநாள் நடைபாதையில் ஓர் ஓரத்தை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லி, ஒரு மாணவனைக் காலுறையோடு நிற்க வைத்தேன். இரண்டு பக்கமும் நண்பர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "வேகமா ஓர் அடி எடுத்து வை" என்றேன். ஊன்றிய கால் சர்ரென்று பின்னால் போனது. "உன் கால் எந்தப் பக்கம் வழுக்கிச்சு?" "பின்னாலே, டீச்சர்." "அப்போ வழுக்காம இருக்கணும்னா தரை உன் காலை எந்தப் பக்கம் பிடிச்சுத் தள்ளணும்?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் மெதுவாக, "முன்னாலயா?" என்றாள்.

அந்த ஒரு நிமிடம் எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் இரண்டு நாள் கழித்து இதே கேள்வியை லாரிமேல் வைத்த பெட்டிக்கு மாற்றிக் கேட்டேன். பாதிப் பேர் பழைய பதிலுக்கே போய்விட்டார்கள். நீங்கள் இதை எப்படித் தொடங்குகிறீர்கள்? எனக்கு இருப்பது இரண்டு பாடவேளை, முள் சிக்கிக்கொண்ட நான்கைந்து சுருள்வில் தராசு, அவ்வளவுதான்.

செந்தூல் டியூஷன் சார் | செவ்வாய், இரவு 10.25

டீச்சர், உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் 19 வருடமாக கோலாலம்பூரில் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் வேறு மாதிரி நினைக்கிறேன். நான்காம் படிவக் கணக்குகளில் உராய்வு விசை பெரும்பாலும் எண்ணாகவே வந்துவிடும். "உராய்வு 5 நியூட்டன்" என்று கேள்வியே சொல்லிவிடும். பிள்ளை செய்ய வேண்டியது இழுக்கும் விசையிலிருந்து 5ஐக் கழிப்பது. அதற்கு "இயக்கத்தை எதிர்க்கும்" என்ற வரி போதும். உராய்வுக் குணகமெல்லாம் (உராய்வின் உச்சம் எடையில் எத்தனை பங்கு என்று சொல்லும் எண்) எஸ்டிபிஎம், மெட்ரிகுலேசன் என்று பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்புகளுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நடப்பதை ஒரு விதிவிலக்கு என்று சொல்லி விட்டுவிடலாமே. பயந்த பிள்ளைகள் நிறைய இருக்கிற வகுப்பில் உள்ள ஒரு பிடியையும் பிடுங்கிவிட்டால் அவர்களுக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

ஆயர் ஈத்தாம் டீச்சர் | செவ்வாய், இரவு 11.05

சார், பிடியைப் பிடுங்க வேண்டாம் என்பது சரி. அந்த வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்றுதான் சொல்கிறேன். உராய்வு சறுக்கலை எதிர்க்கும். இரண்டு பரப்பும் ஒன்றன்மேல் ஒன்று எந்தப் பக்கம் சறுக்குகிறதோ, அல்லது சறுக்கப் பார்க்கிறதோ, அதற்கு எதிராக. மேசைமேல் தள்ளிய புத்தகத்துக்கு இது பழைய பதிலையே தரும். நடக்கிறவனுக்குச் சரியான பதிலைத் தரும். விதிவிலக்கு என்று ஒன்று தேவையே படாது.

விதிவிலக்கு என்று சொல்லிவிட்டால் எத்தனை விதிவிலக்கு சொல்வது? லாரியில் அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறது. லாரி கிளம்புகிறது, மூட்டையும் கூடவே கிளம்புகிறது. மூட்டையை முன்னே தள்ளியது யார்? கயிறு கட்டவில்லை, பின்பலகையும் தொடவில்லை. லாரியின் தளம்தான், உராய்வால். காரின் ஓட்டும் சக்கரம், பைக்கின் பின்சக்கரம், பாதை வளையும் இடத்தில் காரை உள்பக்கம் திருப்பும் விசை, எல்லாம் உராய்வு. பாலிக் பூலாவ் மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் பேருந்தைப் பாதைக்குள் வைத்திருப்பது அதுதான். உலகத்தில் பாதி இயக்கத்தை நடத்திக்கொடுக்கிற ஒன்றை, இயக்கத்துக்கு எதிரி என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நிபோங் தெபால் பழைய வாத்தியார் | புதன், காலை 6.50

இருவருக்கும் வணக்கம். நான் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டீச்சர் சொன்ன அந்த வரியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவர்களில் நானும் ஒருவன். படிக்கும்போது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. "சறுக்கல்" என்ற சொல் 12 வயதுப் பிள்ளைக்கும் புரியும். அன்றைக்கே அதை எழுதியிருக்கலாம்.

நம் பிள்ளைகளிடம் உராய்வைத் தொடங்க எனக்குத் தெரிந்த நல்ல இடம் அம்மி. "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பது எல்லாரும் கேட்ட பழமொழி. விடாமுயற்சிக்குச் சொல்வது. ஆனால் அதைச் சொன்னவன் அம்மியை உண்மையிலேயே நகர்த்திப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். ஏன் அடி என்றான்? "நாள் முழுதும் தள்ளினால் அம்மியும் நகரும்" என்று ஏன் சொல்லவில்லை?

எங்கள் தோட்டத்து வீட்டில் அம்மி சிமெண்டுத் தரையில் கிடந்தது. சிறு வயதில் நான் இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்திருக்கிறேன், அசையாது. அப்பா மரச்சுத்தியால் பக்கவாட்டில் நாலு தட்டுத் தட்டுவார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நெல்மணி அளவு நகரும். இதற்குக் காரணத்தை உங்களைப் போன்றவர்கள் எண்ணோடு சொன்னால் பிள்ளைகளுக்கு நன்றாகப் பதியும்.

ஆயர் ஈத்தாம் டீச்சர் | புதன், மதியம் 2.30

ஐயா, இதைப் படித்ததும் ஓய்வறையில் உட்கார்ந்து உடனே கணக்குப் போட்டேன். மிக்க நன்றி.

அம்மி 25 கிலோ என்று வைப்போம். எடை சுமார் 245 நியூட்டன். கல்லுக்கும் சிமெண்டுக்கும் நிலை உராய்வுக் குணகம், அதாவது சறுக்காமல் நிற்கும்போதுள்ள குணகம், 0.6 என்று எடுத்தால், தரை பிடித்துவைக்கக்கூடிய உச்சம் ஏறத்தாழ 147 நியூட்டன். ஒரு சின்னப் பையன் 100 நியூட்டனில் தள்ளினால் தரையும் சரியாக 100 திருப்பிக் கொடுக்கும். 120 என்றால் 120. அவன் கையை எடுத்துவிட்டால் சுழி. காலையிலிருந்து மாலைவரை 120லேயே தள்ளினாலும் அம்மி நகராது, ஏனென்றால் உச்சத்தை அவன் ஒரு நொடிகூடத் தாண்டவில்லை. சுத்தியல் அடி வேறு. அது கல்லைத் தொடும் நேரம் நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான், ஆனால் அந்த நேரத்தில் விசை சில ஆயிரம் நியூட்டன். உச்சம் உடைகிறது, கல் ஒரு நெல்மணி தூரம் சறுக்குகிறது, மறுபடி தரை அதைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த அடி, அடுத்த நெல்மணி.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது: தரை கேட்டதைத்தான் கொடுக்கும், ஓர் உச்சம்வரை. என் பிள்ளைகள் மட்டுமில்லை, பல்கலைக்கழகம் போன பிள்ளைகளும் உராய்வு என்றால் உடனே குணகத்தை எடையால் பெருக்கி விடையை எழுதிவிடுகிறார்கள். அது உச்சம். கடன் அட்டையில் 5000 ரிங்கிட் வரம்பு இருந்தால் மாதாமாதம் 5000 செலவு என்று பொருளா?

தாமான் மெலாவாத்தி படிவம் 5 | புதன், இரவு 8.15

அக்கா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். நான் மாணவி. ஒரு சந்தேகம். தொடும் பரப்பளவு கூடினாலும் உராய்வு மாறாது என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ரேஸ் காருக்கு அகலமான டயர் போடுகிறார்களே? அப்புறம், சொரசொரப்பான மேற்பரப்பில் மேடு பள்ளம் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதுதான் உராய்வு என்றால், வழவழப்பாகத் தேய்த்துக்கொண்டே போனால் உராய்வு இல்லாமலே போய்விடுமா?

புக்கிட் மெர்தாஜாம் பட்டறை | புதன், இரவு 10.50

தங்கச்சி, ரொம்ப நல்ல கேள்வி. நான் இயந்திரப் பட்டறையில் அளவுக் கருவிகளோடு வேலை செய்கிறவன். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்.

எங்களிடம் அளவு பார்க்க இரும்புக் கட்டிகள் இருக்கும். கண்ணாடி மாதிரி தேய்த்திருப்பார்கள். இரண்டைச் சுத்தமாகத் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து மெல்லத் திருகினால் ஒட்டிக்கொள்ளும். மேல்கட்டியைத் தூக்கினால் கீழ்க்கட்டியும் கூடவே வரும். பசை எதுவும் கிடையாது. முதன்முதலில் பார்த்தபோது நான் ஐந்தாறு தடவை திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள்: சுத்தமான கண்ணாடிமேல் கண்ணாடிக்கு நிலை உராய்வுக் குணகம் 0.9க்கு மேல். மரத்தின்மேல் மரத்துக்கு 0.25 முதல் 0.5 வரைதான். வழவழப்பாக இருப்பது கண்ணாடி, அதிக உராய்வும் கண்ணாடிக்குத்தான். மேடு பள்ளம் மாட்டிக்கொள்வது என்ற படத்தை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது.

நடப்பது இப்படி. இரண்டு பலாப்பழத்தைத் தோலோடு தோல் வைத்து அழுத்துங்கள். தொடுவது முள் நுனிகள் மட்டும்தான், நடுவில் எல்லாம் காற்று. எந்த உலோகத்தையும் நுண்ணோக்கியில் பார்த்தால் அது பலாத்தோல்தான். உண்மையில் தொடும் இடம், கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிகச் சிறிய பங்கு. அந்த நுனிகளில் அணுவும் அணுவும் ஒட்டுகின்றன. சறுக்க வேண்டுமானால் அந்த ஒட்டுகளை அறுக்க வேண்டும். பாரம் இரட்டிப்பானால் நுனிகள் நசுங்கி உண்மைத் தொடுகை இரட்டிப்பாகும், உராய்வும் இரட்டிப்பாகும். செங்கல்லைப் படுக்கப் போட்டாலும் ஒருக்களித்து வைத்தாலும் பாரம் ஒன்றுதான், அதனால் உண்மைத் தொடுகையும் ஒன்றுதான். பரப்பளவு ஏன் கணக்கில் வருவதில்லை என்பதற்கு இதுதான் காரணம். கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்ற இருவர் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதைத் தெளிவாக்கினார்கள்.

பாரத்துக்கு ஏற்ப உராய்வு, பரப்பளவு கணக்கில்லை என்ற விதி மட்டும் அதற்கு வெகு முன்பே தெரியும். லியோனார்டோ டா வின்சி குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார், வெளியிடவில்லை. பிரான்சின் அமோந்தோன் 1699இல் அதை மறுபடி கண்டு சொன்னார். மின்னூட்டத்துக்கு அலகாகப் பெயர் கொடுத்த அதே கூலும் 1780களில் விரிவாகச் சோதித்தார். விதி தெரிந்து காரணம் புரிய 200 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதனால் உங்களுக்குக் குழப்பம் வந்ததில் தப்பே இல்லை.

ரேஸ் டயர் ரப்பர். ரப்பர் உலோகம் மாதிரி நசுங்குவதில்லை, சாலையின் ஒவ்வொரு மேட்டையும் தழுவி வளைந்துகொடுக்கும். அங்கே அந்த எளிய விதி சரியாகப் பொருந்தாது, அகலம் உதவும். குணகம் 1ஐத் தாண்டவும் செய்யும். குணகம் 1க்கு மேல் போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நிபோங் தெபால் பழைய வாத்தியார் | வியாழன், காலை 7.10

தம்பி, பலாப்பழம் பிரமாதம். ஒரு கேள்வி. அம்மி தேய்ந்து வழவழத்துவிட்டால் உளி வைத்துக் கொத்துவோம். கொத்தினால்தான் மிளகாய் அரைபடும். அது சொரசொரப்பால் உராய்வு கூடுவது இல்லையா?

புக்கிட் மெர்தாஜாம் பட்டறை | வியாழன், காலை 8.00

ஐயா, அங்கே கொத்தின குழி மிளகாயைப் பிடித்து நிறுத்துகிறது, விளிம்பு அதைக் கிழிக்கிறது. வெட்டுகிற வேலை. மணல்தாள் மரத்தை ராவுவதும் அப்படித்தான். மிகச் சொரசொரப்பாக இருந்தால் மாட்டிக்கொள்வதும் சேரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைக்குச் "சொரசொரப்பு அதிகம் என்றால் உராய்வு அதிகம்" என்று ஒரே வரியில் எழுதிக்கொடுத்தால், அளவுக்கட்டியும் கண்ணாடியும் அந்த வரியைப் பொய்யாக்கிவிடும். கேரம் பலகையில் மாவு தூவுகிறோம். பலகை ஏற்கெனவே வழவழப்புதான். மாவு நடுவில் நின்று காயும் பலகையும் நேராகத் தொடுவதைக் குறைக்கிறது, அதனால்தான் காய் ஓடுகிறது.

ரயில் பராமரிப்பு, கேஎல் | வியாழன், இரவு 9.30

டீச்சர், கோலாலம்பூர் பக்கம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஒரே நாளில் உராய்வுப் பாடம் முழுவதையும் ரயிலில் காட்டிவிடலாம். நான் 14 வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன்.

கேஎல் சென்ட்ரலில் மோனோரயில் ஏறுங்கள். 2003இல் ஓடத் தொடங்கியது. கான்கிரீட் உத்தரத்தின்மேல் ரப்பர் டயர். ரப்பரும் கான்கிரீட்டும் சேர்ந்தால் பிடி நன்றாக இருக்கும். அதனால் சரிவும் வளைவும் தைரியமாக வைக்க முடிகிறது. கேடிஎம் ரயில் எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம். காய்ந்த நிலையில் பிடி, அதாவது உராய்வுக் குணகம், 0.25, 0.3 அளவுதான், ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் இன்னும் விழும். அதனால்தான் ரயில் இஞ்சின்களில் மணல் பெட்டி இருக்கும். சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவிப் பிடியைக் கூட்டுவார்கள்.

கெலானா ஜெயா எல்ஆர்டி நகர ரயிலை மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். 1998இல் வந்தது. நடைமேடையில் பாதுகாப்பாக நின்றபடி தண்டவாளத்துக்கு நடுவே பாருங்கள், நீளமாக ஓர் உலோகத் தகடு ஓடும். ரயிலின் அடியில் இருக்கிற நேரியல் தூண்டல் மோட்டார் அந்தத் தகட்டில் காந்தவிசையால் உந்தி ரயிலைத் தள்ளுகிறது. எஃகுச் சக்கரம் பாரத்தைத் தாங்கி வழி காட்டுகிறது, அவ்வளவுதான். முன்னே போவதற்குச் சக்கரத்தின் பிடியை நம்பவே இல்லை.

உங்கள் ஊர் புக்கிட் பெண்டேரா (பினாங்கு மலை) ரயிலும் இதே வகுப்பில் வரும். 1923இல் இருந்து அது கயிற்றில்தான் ஏறுகிறது. பிடி 0.25 என்றால், எஃகுச் சக்கரம் தன் பிடியால் மட்டும் ஏறக்கூடிய சரிவு அதிகபட்சம் 14 பாகை. கோணத்தின் டேஞ்செண்ட் குணகத்துக்குச் சமம் என்ற சின்னக் கணக்கு. அந்த மலைக்கு அது போதாது.

இன்னொன்று. உருளும் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் புள்ளி அந்தக் கணம் அசையாமல் நிற்கிறது. ஓடுகிற ரயிலில் வேலை செய்வது நிலை உராய்வு. இதைச் சொன்னால் இஞ்சினியர்களே சில நேரம் நின்று யோசிப்பார்கள்.

கெப்போங் அப்பா | வெள்ளி, அதிகாலை 12.20

நான் ஆசிரியர் இல்லை. இதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

என் மகன் ஐந்தாம் படிவம். மூன்று மாதத்துக்கு முன்னால், மழை விட்ட நேரம், கப்சாய் மோட்டார் சைக்கிளில் டியூஷனுக்குப் போனான். சந்திப்பில் முன்னே போன வேன் திடீரென்று நின்றது. இவன் பின்பிரேக்கை அழுத்தி மிதித்திருக்கிறான். பின்சக்கரம் சுற்றாமல் நின்று வண்டி பக்கவாட்டில் வழுக்கிவிட்டது. மணிக்கட்டு முறிந்தது. கடவுள் புண்ணியத்தில் அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை. மருத்துவமனையில் கேட்டேன், "ஏன்டா அவ்வளவு அழுத்தின?" "அழுத்தினா சீக்கிரம் நிக்கும்னு நெனச்சேன்பா." உராய்வுப் பாடம் அவன் ஏற்கெனவே படித்ததுதான்.

வண்டியைத் தூக்கி நிறுத்தியபோது பின் டயரைப் பார்த்தேன். பூ என்று சொல்கிற பள்ளமெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

டீச்சர், சார், இதையும் வகுப்பில் சொல்வீர்களா? அம்புக்குறியைவிட இது முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆயர் ஈத்தாம் டீச்சர் | வெள்ளி, காலை 6.15

ஐயா, தம்பி நலமாகட்டும். கட்டாயம் சொல்வேன். நீங்கள் எழுதியதும் அம்புக்குறியும் ஒரே பாடம்தான்.

சுற்றும் சக்கரத்தில் டயர் சாலையைத் தொடும் புள்ளி நின்றுகொண்டிருக்கிறது, ரயில்காரர் சொன்னாரே, நிலை உராய்வு. பிரேக்கை மிஞ்சி அழுத்திச் சக்கரம் பூட்டிக்கொண்டால் டயர் சறுக்கத் தொடங்கும். உடனே இயக்க உராய்வு, அது பெரும்பாலும் குறைவு. அதோடு, சறுக்குகிற டயருக்குப் பக்கவாட்டுப் பிடியும் போய்விடும், வண்டி திரும்பிவிடும். ஏபிஎஸ் செய்வதெல்லாம் சக்கரத்தைப் பூட்டவிடாமல் அந்த உச்சத்தின் பக்கத்திலேயே வைத்திருப்பதுதான். பிரேக் போடும்போது பாரம் முன்சக்கரத்துக்குப் போகும், பின்சக்கரம் லேசாகிவிடும். பாரம் குறைந்தால் உராய்வின் உச்சமும் குறையும். பின்பிரேக் அவ்வளவு சுலபமாகப் பூட்டிக்கொள்வது அதனால்தான்.

டயரின் பூ ஈரத்துக்காக. ரப்பருக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் தண்ணீர் வெளியேற அந்தப் பள்ளங்கள்தான் வாய்க்கால். அவை இல்லையென்றால் தண்ணீர் நடுவிலேயே நிற்கும்.

எண்ணாகவும் போடுவேன். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி. காய்ந்த சாலையில் குணகம் 0.7 என்றால் பிரேக் பிடித்தபின் நிற்க 20 மீட்டர். ஈரத்தில் 0.4 என்றால் 35 மீட்டர். பிரேக்கை மிதிக்க மூளை எடுக்கும் ஒரு நொடியிலேயே 17 மீட்டர் போயிருக்கும். வகுப்பு நீளம் 9 மீட்டர். பள்ளித்திடலில் அளந்து கூம்பு வைத்துக் காட்டப்போகிறேன்.

பட்டர்வொர்த் கயிறு | வெள்ளி, மாலை 6.40

துறைமுகத்தில் வேலை பார்த்தவன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன், பிள்ளைகள் விரும்புவார்கள். கப்பல் கட்டும் இரும்புக் கட்டையில் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு நுனியை ஒரு கையால் பிடித்தால் போதும், அந்தப் பக்கம் டன் கணக்கில் இழுத்தாலும் நிற்கும். கணித மேதை ஆய்லர் போட்ட கணக்கு அது: குணகம் 0.3 என்றால் ஒரு சுற்றுக்கு 6.6 மடங்கு. மூன்று சுற்றுக்கு 20 மடங்கு என்று நினைப்பார்கள். இல்லை, பெருக்கிக்கொண்டே போகும், கிட்டத்தட்ட 285 மடங்கு. வகுப்பில் தடித்த பென்சில், தையல் நூல், ஒரு பக்கம் தண்ணீர் போத்தல், மறுபக்கம் ஒரு சாவி. சுற்றை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போங்கள். போத்தல் நிற்கிற அந்தச் சுற்றில் வகுப்பு முகத்தைப் பாருங்கள்.

செந்தூல் டியூஷன் சார் | சனி, காலை 11.00

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கெப்போங் அப்பாவின் பதிவுக்குப் பிறகு "எஸ்பிஎம்முக்குப் போதும்" என்று நான் எழுதியதைத் திரும்பிப் பார்த்தேன். "சறுக்கல்" என்ற சொல்லை நேற்று என் வகுப்பிலும் மாற்றிவிட்டேன். தேர்வுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

பதிலுக்கு என் பக்கத்திலிருந்து ஒன்று. உராய்வு ஈடுசெய்த தடம் என்று ஒரு சோதனை வருமே, தள்ளுவண்டி, அதன் பின்னால் கட்டிய, சம நேரத்துக்கு ஒரு புள்ளி விழும் டிக்கர் நாடா வைத்து. பிள்ளைகள் பலகைக்கு அடியில் புத்தகம் வைத்துச் சாய்ப்பார்கள், ஏன் என்று தெரியாது. நான் இப்போது முதலில் சாய்க்காமல் தள்ளிவிடச் சொல்கிறேன். நாடாவில் புள்ளிகள் நெருங்கிக்கொண்டே வரும், வண்டி நின்றுவிடும். அதிகமாகச் சாய்த்தால் புள்ளிகள் விலகிக்கொண்டே போகும். நடுவில் ஒரு சாய்வில், மெல்லத் தள்ளிவிட்டால், புள்ளிகள் ஒரே இடைவெளியில் விழும். நொடிக்கு 50 புள்ளி. அங்கே சரிவு இழுப்பதும் உராய்வு பிடிப்பதும் சமம். எண்ணே இல்லாமல் உராய்வை அளந்துவிட்டார்கள். இதற்கு ஒரு பாடவேளை தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆயர் ஈத்தாம் டீச்சர் | அடுத்த புதன், மாலை 4.45

இன்று வகுப்பு எடுத்தேன். நடந்ததை எழுதுகிறேன்.

ஒரு மாணவனுடைய கறுப்புப் பள்ளிக்காலணியைக் கழற்றி, உள்ளே இரண்டு பாடப்புத்தகத்தைச் சொருகி, கயிற்றில் தராசு கட்டி மேசைமேல் வைத்தேன். எடை 20 நியூட்டன். மெதுவாக இழுக்கச் சொன்னேன். ஒருத்தி முள்ளைப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள்: 2, 5, 8. காலணி அசையவில்லை. 11. இன்னும் அசையவில்லை. ஒவ்வொரு எண்ணிலும் நிறுத்தி, "இப்போ உராய்வு எவ்வளவு?" என்று கேட்டேன். முதல் இரண்டு தடவை "தெரியாது" என்றார்கள். 8க்கு வந்தபோது பாதிப் பேர் "8" என்றார்கள். 13இல் காலணி சட்டென்று கிளம்பியது, முள் 10க்கு இறங்கி அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. வகுப்பில் "ஓ" என்று ஒரு சத்தம். இழுத்த பையன் திரும்பத் திரும்ப அந்த இறக்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டான், ஏழு தடவை செய்தான். நான் தடுக்கவில்லை.

அப்போது ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், யாருமே இழுக்கலேன்னா உராய்வு இல்லையா?" பதிலை நான் சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவளே, "யாரும் கேக்கலேல்ல, அப்போ சுழி" என்றாள். அம்மிப் பாடம் வேலை செய்தது, ஐயா.

கடைசி பத்து நிமிடம் திடலில் கூம்பு வைத்தோம். 20 மீட்டர், 35 மீட்டர். லைசென்ஸ் எடுக்கக் காத்திருக்கும் பையன்கள் 35க்கும் 20க்கும் நடுவே போய் நின்று பார்த்தார்கள். யாரும் பேசவில்லை.

பழைய நடை கேள்வியை மறுபடி கொடுத்தேன். ஐந்து பேர் இன்னும் இடப்பக்கம். நாளைக்கு அவர்களோடு உட்கார வேண்டும். மற்றவர்களில் ஒருவன் தாளின் கீழே இப்படி எழுதியிருந்தான்: "சைக்கிள் மிதிக்கும்போது பின்சக்கரத்துக்கு உராய்வு முன்னால். முன்சக்கரத்துக்கு?" அவனே பின்னால் என்று அம்பு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் வைத்திருந்தான். முன்சக்கரத்தைத் தரைதானே சுற்றவைக்கிறது, அதனால் அவன் போட்டது சரி. அந்தக் கேள்விக்குறியை மட்டும் அழித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன்.

புக்கிட் மெர்தாஜாம் பட்டறை | அடுத்த புதன், இரவு 9.10

டீச்சர், சிக்கிக்கொண்ட தராசுகளைக் கொண்டு வாங்க, சனிக்கிழமை பட்டறையில் இருப்பேன். சுருள்வில்லைச் சுத்தம் செய்து, எடைக்கல் வைத்துச் சரிபார்த்துத் தருகிறேன். ஒரு ஜோடி அளவுக்கட்டியும் இரவல் தருகிறேன், பிள்ளைகள் கையில் கொடுத்து ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டியை விரலால் தொட்டபின் நன்றாகத் துடைத்து எண்ணெய் பூசி வையுங்கள், இல்லையென்றால் துருப்பிடித்துவிடும்.